குறைகள் எழுத வேண்டிய முகவரி

ஜனவரி 11

தபால் பெட்டி எண் 88 அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் வெறும் பெட்டியாக இருந்தால் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். உள்ளே ஆள் யாராவது இருந்தால் அவருக்குச் சளி, இருமல் எதுவும் இருக்கக் கூடாது. இங்கே நாங்கள் சுகம். ஒரு கணினி நிரல்தான் படுத்த படுக்கை.

என் அம்மா, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பும் கம்பெனியில் இருக்கிறாள். எது முதலில் ஏற வேண்டும், எது எதன் தலையில் உட்காரலாம் என்று திட்டம் போடுவது அவள் வேலை. அதற்கு அவளிடம் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய நிரல் உண்டு. விடுமுறையில் பொழுது போகாமல் அதைத் திறந்தேன். முதல் மூன்று வரி இது:

பெட்டி அடுக்கி
எழுதியது: அக்காவும் தம்பியும்
குறைகள் இருந்தால் தபால் பெட்டி 88-க்கு எழுதவும்.

மூன்றாம் வரியில் ஊர்ப் பெயரும் இருந்தது. எழுதச் சொன்னால் எழுதுகிற நல்ல பிள்ளை நான். குறை ஒன்று: இந்த நிரல் தன் ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கும் என்று அடம்பிடிக்கிறது. என் மடிக்கணினியில் டி கிடையாது. குறை இரண்டு: தன் பெயர்களை எல்லாம் பொது இடத்தில் கொட்டி வைத்திருக்கிறது. நான் 'அடுக்கு' என்ற பெயரில் ஒரு குட்டி நிரல் எழுதி வைத்திருந்தேன். இது வந்ததும் என்னுடையதை விழுங்கிவிட்டது.

குறை மூன்று நிரலில் இல்லை. அம்மாவுக்குத் தம்பி இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் "யாரும்மா இந்தத் தம்பி?" என்று கேட்டால், "சாப்பாடு ஆறுது, வா" என்கிறாள். அப்போது அடுப்பே பற்ற வைக்கவில்லை.

இப்படிக்கு,
வால்
(லிஸ்பில் பட்டியல் என்றால் முதலில் ஒரு தலை, மீதி எல்லாம் வால் என்று படித்தேன். எங்கள் வீட்டில் இரண்டே பேர். தலை அம்மா. மீதி நான்.)

*

பிப்ரவரி 3

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டியின் பூட்டில் சாவி திரும்பவில்லை, எண்ணெய் விட வேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். கணினியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது.

உன் இரண்டு குறைகளும் நியாயம். டி டிரைவை எழுதிய மடையன் நானே. நிரல் தான் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்தே மற்றவற்றைத் தேட வேண்டும். ஊரை எழுதக் கூடாது, 'பக்கத்து அறை' என்று எழுத வேண்டும். புரிகிறதா?

ஒரு சந்தேகம். நீ சொல்லும் மூன்றாம் வரியை நான் எழுதவில்லை. நான் அங்கே இருந்தபோது அது இல்லை.

அந்த நிரலை இன்னுமா உபயோகிக்கிறார்கள்? லாரியில் ஏற்றுகிற ஆட்கள் எல்லோரும் சௌக்கியமா?

தபால் பெட்டி 88

*

பிப்ரவரி 9

அன்புள்ள பெட்டி மாமாவுக்கு,

மாட்டிக்கொண்டீர்களா! "நான் அங்கே இருந்தபோது" என்று பெட்டி எழுதாது, மாமாதான் எழுதுவார். மூட்டுவலி, பல்வலி இல்லாமல் லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பக்கத்து அறை வேலை முடிந்தது. இப்போது பெரிய வேலை. அம்மாவின் ஆபீஸுக்கு ஜூன் முதல் தேதி புதுக் கணினிகள் வருகின்றன. பழையதைத் தூக்கிப் போடுகிறார்கள். தலைமை அலுவலகத்தின் கணினிக்காரர் வந்து பார்த்தார். எதைக் கண்டாலும் பூட்டுவதால் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது யாரும்மா எழுதினது?"

"வீட்டுல எழுதினது சார்."

"வீட்டுல சமைக்கலாம்மா, சாஃப்ட்வேர் பண்ணக் கூடாது. பென் டிரைவ்ல எதுவும் உள்ள வராது. பொதுவா லிஸ்ப் லைப்ரரி எல்லாம் சேத்து மாசாமாசம் வெளியிடுறாங்களே ஒரு தொகுப்பு, அதுல இருந்தா சொல்லுங்க, போட்டுத் தரேன். இல்லன்னா திட்டம் போடுற வேலையை நாங்களே பாத்துக்கறோம். நீங்க போன் எடுங்க."

அம்மா "சரி சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள். இரண்டு பேருக்கு எட்டு வெங்காயம்.

அதனால் நம் நிரலை, யாரும் எடுத்து உபயோகிக்கக்கூடிய ஒழுங்கான லைப்ரரியாக மாற்றி அந்தத் தொகுப்பில் சேர்க்கப் போகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. பெட்டி அடுக்கும் நிரலையே பெட்டியில் அடுக்கி அனுப்புகிறோம், எப்படி! எந்தெந்தப் பெயரை வெளியே காட்ட வேண்டும், எதை உள்ளே மறைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கிறார்கள். உங்களுக்குத்தான் தெரியும். உள்ளே நாற்பது சமாசாரம் இருக்கிறது.

ஆட்கள் சௌக்கியம். பழைய ஆள் மலை அண்ணன் ஒருவர்தான். ஆள் மலை மாதிரி, நடை மட்டும் கொஞ்சம் சாய்வு. "பூமி சாஞ்சிருக்கு, நான் நேராத்தான் நடக்கறேன்" என்பார். உங்களுக்குத் தெரியுமா அவரை?

உங்கள் மருமகள்,
வால்

*

மார்ச் 6

வாலுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆறாவது மாடிக்கு வந்ததும் யோசிக்கிறது. ஒரு வாரமாக நானும் அதோடு சேர்ந்து யோசிக்கிறேன்.

வெளியே இரண்டு பெயர் போதும். ஒன்று அடுக்க, ஒன்று அச்சடிக்க. மற்ற முப்பத்தெட்டும் உள்ளே இருக்கட்டும். உபயோகிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. எல்லாவற்றையும் வெளியே காட்டினால் பிறகு எதையும் மாற்ற முடியாது.

எழுதியவர் என்ற இடத்தில் அக்கா பெயரை மட்டும் போடு. என் பெயர் வேண்டாம்.

மாமா

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறாவது மாடி சமாதானமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு ஒரு தும்மல், அம்மாவுக்கு ஒரு முறைப்பு, மற்றபடி எல்லாம் நலம்.

மலை அண்ணனைத் தெரியுமா என்று கேட்டேன். நீங்கள் லிஃப்ட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். பரவாயில்லை, அதையும் அந்த முப்பத்தெட்டோடு சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

பெயர் வேண்டாம் என்பது நடக்காது. தொகுப்புக்காரர்கள் லைசென்ஸ் கேட்கிறார்கள். "இதை யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம்" என்று எழுதிய அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி நிரல் உங்களுடையது. எது யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். அம்மா எழுதிய குறிப்புகள் எல்லாம் முற்றுப்புள்ளியோடு முடிகின்றன. உங்களுடையவை அந்தரத்தில் நிற்கின்றன.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ஓட்டிப் பார்க்க ஒரு லோடு வேண்டுமே என்று பிரிட்ஜில் ஆரம்பித்து எங்கள் வீட்டுச் சாமான்களை எழுதினேன். பதினான்காவதாக 'மலை அண்ணன், 104 கிலோ' என்று சேர்த்தேன். நியாயமாக அவரை அடியில் படுக்க வைத்து, மேலே பிரிட்ஜை ஏற்றியது! பிறகு 212-ஆம் வரியில் ஒரு சின்னச் சுத்தம் செய்தேன். அடுக்குவதற்கு முன்னால் பட்டியலை எதற்கோ ஒரு நகல் எடுக்கிறது. இருப்பதையே அடுக்கினால் ஆகாதா? நகலைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். அச்சில் பதின்மூன்றுதான் வந்தது. மலை அண்ணன் மாயம்! 104 கிலோவை எங்கே ஒளித்து வைத்தது உங்கள் நிரல்?

சிரித்துக்கொண்டே,
வால்

*

மார்ச் 15
(விரைவுத் தபால்)

வால்,

நகலைத் திரும்பப் போடு. இன்றைக்கே. போட்டுவிட்டு எனக்கு எழுது.

விளையாட்டுக்குக்கூட அவர் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்காதே.

மாமா

*

மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டுவிட்டேன். பதினான்கும் வந்துவிட்டது. நீங்கள் முதல் முறையாக நலம் விசாரிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் இரண்டு மடங்கு விசாரிக்கிறேன். நலமா? நலம்தானா?

ஏன் காணாமல் போனார் என்று நானே தேடிப் படித்தேன். லிஸ்பில் வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளை நல்ல பிள்ளை இல்லை. கனமானது முன்னால் வர, கொடுத்த பட்டியலையே பிய்த்துப் பிய்த்து வரிசைப்படுத்துகிறது. பிறகு அந்தப் பழைய பட்டியலைப் போய்ப் பார்த்தால், முதலில் எழுதியதைத் தாண்டி முன்னால் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். நம் நிரலில் அடுக்குகிற பகுதி புது வரிசையைப் பார்க்கிறது. அச்சடிக்கிற பகுதி பழைய பட்டியலைப் பார்க்கிறது. அதனால் முதலில் எழுதிய பிரிட்ஜைவிடக் கனமான எதுவும் தாளில் வராது. நகலைக் கொடுத்தால் மூலம் பிழைக்கும். சரிதானே?

அந்த வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி, பிறகு முற்றுப்புள்ளி. அப்படியானால் அம்மா எழுதியது. மற்ற இடத்தில் எல்லாம் பத்தி பத்தியாகக் காரணம் எழுதுகிறவள், இங்கே ஏன் தேதியோடு நிறுத்தினாள்?

மலை அண்ணனிடம் அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டேன். அவர் இடது முழங்காலைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கு மழைம்மா. வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய மழை மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டதற்கு, "உங்க அம்மா கூப்புடுறாங்க பாரு" என்றார். அம்மா அன்று லீவு.

நீங்களாவது சொல்லுங்கள்.

வால்

*

ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. பூட்டுக்கு மறுபடி எண்ணெய் தீர்ந்ததா? உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு வரி போடுங்கள், போதும்.

நான் கேட்டது தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். எனக்குக் கேள்வி கேட்பது மூச்சு விடுவது மாதிரி, நிறுத்தினால் நீலமாகிவிடுவேன். ஆனால் மலை அண்ணன் பெயரை எடுத்துவிட்டேன். வேறு யார் பெயரையும் சேர்க்கவில்லை.

தொகுப்புக்காரர்கள் நம் லைப்ரரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸில் உங்கள் சம்மதம் இல்லை. அதைவிட, சோதனை ஒன்றுகூட இல்லையாம். இன்ன சாமான்களைக் கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும் என்று எழுதிய ஒரு சோதனை வேண்டும். யாராவது நிரலைக் கெடுத்தால் அது உடனே கத்த வேண்டும். "உண்மையாக ஏற்றிய ஒரு லோடாக இருந்தால் நல்லது" என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா பழைய தாள்களை வைத்திருப்பதில்லை.

மே 25-ஆம் தேதித் தொகுப்பில் வந்தால்தான் உண்டு. நேற்று அம்மா தன் மேஜை டிராயரைக் காலி செய்து, பேனா, கத்தரி, டேப் எல்லாவற்றையும் ஒரு பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "போன் மேஜையில டிராயர் கிடையாதுடி" என்றாள், சாதாரணமாக.

வால்

*

மே 4

வாலுக்கு,

நான் நலம். கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எழுத வராததை நிரலாகவாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இத்துடன் இருப்பது நீ கேட்ட சோதனை. கையால் எழுதியிருக்கிறேன், அடித்துக்கொள். அந்தத் தேதியில் ஏற்றிய இருபத்தேழு சாமான்கள், எடையோடு. முதலில் புத்தக அலமாரி, கடைசியில் இரும்புப் பெட்டி, 180 கிலோ. எதையும் பார்த்து எழுதவில்லை. இருபத்தேழும் எனக்கு மனப்பாடம்.

விடையாக வர வேண்டியது: 27. அன்றைக்கு வந்தது: 26.

நகல் எடுக்காமல் சார்ட்டைப் போட்டவன் நான். வேகமாக ஓடும் என்று முந்தின நாள் மாற்றினேன். அக்காவிடம் சொல்லவில்லை. தாளை அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். லாரி நிறைந்த பிறகு பார்த்தால் இரும்புப் பெட்டி தரையில் நிற்கிறது. கதவோரமாக ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மழை. கதவைத் திறந்ததும் அது சரிந்தது. கீழே மலை நின்றிருந்தார்.

"இந்தத் திட்டம் யார் போட்டது?" என்று முதலாளி கேட்டார். "நான்தான் சார்" என்றாள் அக்கா. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவளைத் திட்டம் போடுவதிலிருந்து எடுத்து போன் மேஜையில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன்.

இங்கே வந்து ஒரு தபால் பெட்டி எடுத்தேன். அதன் எண்ணையும் ஊரையும் மட்டும் ஓர் அட்டையில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வருஷா வருஷம் பெட்டியைப் புதுப்பித்தேன். உன் கடிதம்தான் அதில் வந்த முதல் கடிதம்.

சம்மதக் கையெழுத்து தனித் தாளில் இருக்கிறது. சோதனைக்குப் பெயர் வைக்க வேண்டும் அல்லவா? 'தம்பியின் தவறு' என்று வை. அக்காவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

மாமா

*

மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நலத்தை இந்த முறை நான் மட்டும் விசாரிக்கவில்லை.

காட்டினேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையை முதுகுப் பக்கம் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன். "எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள். ஜனவரியிலிருந்து என்றேன். என் காது திருகப்படும் என்று எதிர்பார்த்து இடது காதைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை.

"தள்ளு" என்று சொல்லி என் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். உங்கள் இருபத்தேழையும் அவளே அடித்தாள். பதினெட்டாவதில் நிறுத்தி, "தையல் மிஷின் இருபத்திரண்டு கிலோ இல்ல, இருபத்தஞ்சு" என்றாள். அவளுக்கும் மனப்பாடம்! ஓட்டினோம். 27. நான் துள்ளினேன். "இரு, இது பத்தாது" என்று 212-ஆம் வரிக்குப் போய் நகலை எடுத்துவிட்டாள். ஓட்டினாள். 26. திரை சிவந்து கத்தியது. "தப்பு பண்ணினா கத்துதான்னு பாக்காம, டெஸ்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு?" என்று சொல்லி நகலைத் திரும்பப் போட்டாள்.

கையெழுத்துப் போட்டாள். அனுப்பிவிட்டோம். சோதனையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டாள். என்ன பெயர் என்று அவளே எழுதுவாளாம். என் வாயை இப்போது நான் மறைக்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறாள்.

உங்கள் வால்
(தலையின் மேற்பார்வையில்)

*

ஜூன் 3

தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ இளைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கையெழுத்து இளைத்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

25-ஆம் தேதித் தொகுப்பில் நம் லைப்ரரி வந்துவிட்டது. பூட்டு சார் புதுக் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டு, "வீட்டுலயும் நல்லாத்தான் பண்றீங்க" என்றார். நேற்று முதல் லோடு போட்டேன். டிராயரில் பேனா, கத்தரி, டேப் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. மலையிடம் உன் தாளைக் காட்டினேன். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்தத் தடவை இந்தச் சனியன் ஏறிடுச்சா?" என்றார். ஏறிவிட்டது என்றேன். "அப்ப அவனை வரச் சொல்லுங்க, நான் கீழ நிக்க மாட்டேன்" என்றார்.

அந்தத் தவறு உன்னுடையது என்பது அன்று இரவே எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அந்த வரியைச் சரிசெய்தவள் நான்தானே. காரணத்தை எழுதினால் உன் பெயரை எழுத வேண்டும். அதனால் தேதியோடு நிறுத்தினேன். பழைய வேலை திரும்பக் கிடைக்கும்வரை மூன்று வருஷம் போன் எடுத்தது எனக்குப் பெரிதில்லை. நீ சொல்லிக்கொள்ளாமல் போனது பெரிது. சோதனைக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்தேன். போதும்.

மூன்றாம் வரியை எழுதியது யார் என்று கேட்டிருந்தாயாம். அட்டை தொலைந்துபோகும், தினமும் திறக்கிற ஃபைல் தொலையாது என்று உன் பெட்டி எண்ணை நான்தான் அதில் அடித்து வைத்தேன். பத்தொன்பது வருஷம், போன் மேஜையில் இருந்தபோதும், தினமும் காலையில் அதைப் பார்த்தேன். 'குறைகள் இருந்தால்' என்று நானே எழுதித் தொலைத்துவிட்டேன். நீ போன பிறகு நிரலில் ஒரு குறையும் வரவில்லை. எதைச் சொல்லி எழுதுவது?

புது வெளியீட்டில் மூன்றாம் வரியை மாற்றிவிட்டேன். குறைகளுக்கு இனிமேல் எங்கள் வீட்டு முகவரி. உன் மருமகள் உலகத்துக்கே பதில் எழுதுகிறேன் என்று குதிக்கிறாள். அவள் பதிலைப் படித்தால் லைப்ரரியை ஒருவரும் தொட மாட்டார்கள். பொறுப்பாகப் பதில் எழுத ஓர் ஆள் வேண்டும். மாடி அறை காலியாக இருக்கிறது. இந்த ஊரிலும் லிஃப்ட்டுகள் நடுவில் நின்று யோசிக்கின்றன.

20-ஆம் தேதி எங்கள் லாரி ஒன்று உன் பக்கம் வந்து காலியாகத் திரும்புகிறது. உன் சாமான் பட்டியலை எடையோடு எழுதி அனுப்பு.

நகல் எடுத்து வைத்துக்கொள்.

அக்கா